உச்சிக்கொண்டையும் எட்டுச் சென்டிமீட்டரும்

இராஜபாளையத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் நான் செவிலியாகப் பணிபுரிந்தபோது நேர்ந்த பிழை இது. பிழை என்னுடையது.

பேண்டேஜ் துணி நெய்யும் ஆலைகளிலிருந்து நடுவயதுப் பெண்கள் முதுகுவலியோடு வருவர். தறியில் சிக்காதிருக்கக் கூந்தலை உச்சியில் கொண்டையிட்டிருப்பர். அதை அவிழ்க்கச் சொல்லக் கூசி, கொண்டையின் மேலேயே அளவுகோலின் சட்டத்தை இறக்கி, உயரத்தை அட்டையில் எழுதிவிடுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேச்சியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாதவிலக்கு நின்று பதினைந்து ஆண்டுகள். முதுகுவலிக்காக ஒரு மாதம் விடுப்பிலிருந்தவர், மறுநாள் வேலையில் சேர மருத்துவச் சான்று கேட்டு வந்தார். சேர்ந்தால் துணிக்கட்டுகளைத் தூக்கியாக வேண்டும். இருக்கன்குடி அம்மன் கோயிலில் முடியிறக்கியிருந்தார். உயரம் பழைய அட்டையைவிட எட்டுச் சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

“என்ன சிஸ்டரு, முழிக்கீக?”

“கொண்டைய அம்மனுக்குக் குடுத்துட்டீகல்லக்கா, அதான் குறையுது.”

“அம்புட்டு ஒசரத்துக்கா கொண்டை போட்டேன்? கோயில் கோபுரமால்ல இருந்திருக்கும்.”

சிரித்துவிட்டு, ‘கொண்டை இல்லை’ என்று குறித்துக்கொண்டேன். இரத்தம் எடுத்த புறங்கையிலிருந்து பிளாஸ்திரியை நீக்கியபோது தோலும் உரிந்து வந்தது.

“தோலு வெங்காயச் சருகாப் போச்சு, விடுங்க. இந்தச் சேலையும் இப்பத் தரையக் கூட்டுது. எவன் இப்படி அகலமா நெய்தானோ.”

“புதுச் சேலையாக்கா?”

“மக வளைகாப்புக்கு எடுத்தது. ஆறு வருசம் ஆச்சு.”

ஆறு வருடம் தரையைத் தொடாத சேலை இப்போது தொடுகிறதென்றால், குறைந்தது கொண்டை மட்டுமல்ல. அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்று சொன்னேன்; அவர் படம் எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டின் இரு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன.

“மாதவிலக்கு நின்ன பொறவு தோலும் எலும்பும் சேந்தே மெலியும்மா. இனிமே கட்டுத் தூக்குனா இன்னொண்ணும் நொறுங்கும்,” என்றார் மருத்துவர்.

“சான்று இல்லைன்னா நிப்பாட்டிருவாக டாக்டரம்மா. ஒக்காந்து செய்யுத வேலைக்குக் கூலி கொறைவு.”

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டுமே தகுதி என்று மருத்துவர் எழுதினார். பேச்சியம்மாள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“சேலையப் பத்திப் பேசாம இருந்திருக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனார்.

அன்று பிற்பகல் அலமாரியிலிருந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ பெண்களின் உயரம். எல்லாம் என் கையெழுத்து. எது மெய்யான அளவு என்று எனக்கே தெரியவில்லை. மரியாதை கருதி அளவைத் தளர்த்துவது மரியாதை ஆகாது என்பதை அன்று கற்றேன். முதல் அட்டையிலிருந்த தொலைபேசி எண்ணை அழைத்து, மறுபடியும் உயரம் அளக்க வரச் சொன்னேன்.