பெயரில்லாத பட்டன்

வெப்சைட் செய்துகொடுக்கும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வேலை கொடுக்கிறவருக்கு அது என்ன வேலை என்று தெரியாது, ஆனால் எந்தக் கலரில் இருக்க வேண்டும் என்று மட்டும் சத்தியம் பண்ணுகிற அளவுக்குத் தெரியும். "அந்த லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சகோதர சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லையென்றால் நாளைக்கு நடக்கும்.

காளவாசலில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டே பேர். நான் டிசைன், ஜெயந்தி கோடிங். ஜெயந்திக்கு இரண்டு பிள்ளைகள், நாலு கம்பெனியில் பார்த்த அனுபவம், எதற்கும் அசராத முகம். சன்னலைத் திறந்தால் சிக்னல் சத்தம், சாத்தினால் புழுக்கம். அதில்தான் எல்லாம் நடந்தது.

தங்க எழுத்து

ஒரு கல்யாண மண்டபத்து முதலாளி வந்தார். அறுபது வயது தாண்டியவர், நல்ல மனுஷர். சந்தனக் கலர் பின்னணியில் தங்கக் கலர் எழுத்து வேண்டும், பத்திரிகை அடித்த மாதிரி இருக்க வேண்டும் என்றார். "அண்ணே, எழுத்து தெரியாதுண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். "லட்சணம்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி" என்று முடித்துவிட்டார். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடாததுதான் என் தப்பு.

பத்து நாள் கழித்து மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மண்டபம் பார்க்க வந்த பெண் வீட்டார், "உங்க வெப்சைட்டுல ஒண்ணுமே எழுதலையே" என்று கேட்டார்களாம். போனை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தார். சன்னலோரம் கொண்டுபோனார். சாய்த்தார், நிமிர்த்தினார். கடைசியில் என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "எழுத்து இருக்குன்னு தெரியும் தம்பி, நான்தானே போடச் சொன்னேன். எங்க இருக்குன்னுதான் தெரியல."

பதினொன்றரை மணிக்கு ஒரு போன்

அரசு வேலைப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்துக்கு நாங்கள் வெப்சைட் செய்திருந்தோம். இலவச வகுப்புக்கான விண்ணப்பம் அதில்தான் போட வேண்டும். கடைசி நாள் அன்றைக்கு, பகல் பதினொன்றரைக்கு எனக்கு ஒரு போன். "சார், கோச்சடையிலருந்து பொன்மணி பேசுறேன். எனக்குக் கண்ணு தெரியாது. போன் வாசிச்சுக் காட்டும், அதக் கேட்டுத்தான் எல்லாம் செய்வேன். உங்க பாரத்துல என்ன எழுதியிருக்குன்னே வாசிக்க மாட்டேங்குது சார். அஞ்சு மணியோட மூடிருவாங்களாம்."

நான் என்ன சொன்னேன் என்பதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். "பக்கத்துல யாரையாச்சும் வச்சுக்கிட்டு நிரப்பிருங்களேம்மா" என்றேன். "எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க சார். அதுவுமில்லாம, நாளப்பின்ன பரீட்சைக்கு நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

பேச்சை மாற்ற, என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். பக்கத்தின் அடியில், வடிவமைத்தவர் இன்னார் என்று என் பெயரையும் நம்பரையும் ஆங்கிலத்தில் போட்டு வைத்திருந்தேன். அதை அவர் சொன்ன விதம்தான் இன்னும் காதில் நிற்கிறது: "அந்தப் பக்கத்துலயே உங்க பேரு மட்டுந்தான் சார் தெளிவா வாசிக்குது."

ஐந்து மணிக்குள்

ஜெயந்தி தன் போனில் அந்த வாசிக்கும் வசதியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பக்கத்தைத் தடவினார். "பட்டன்" என்றது போன். அடுத்ததைத் தொட்டார். "பட்டன்." அதற்கடுத்ததும் "பட்டன்." ஒவ்வொரு பட்டனுக்கும் அழகழகாகப் படம் வரைந்திருந்தேன், பெயர் ஒன்றுக்கும் வைக்கவில்லை. அதைவிடக் கேவலம், பக்கம் முழுக்கத் தமிழ், ஆனால் இது ஆங்கிலப் பக்கம் என்று உள்ளே ஒரு வரி கிடந்தது. விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட் பக்கத்தில் இருந்ததை மாற்றாமல் விட்டிருந்தோம். பாவம், அவருடைய போன் இங்கிலீஷ்காரன் நாக்கை வைத்துக்கொண்டு "விண்ணப்பதாரர் பெயர்" என்று சொல்ல முயன்று முயன்று ஊமையாகியிருக்கிறது.

அந்த ஒரு வரியை மாற்றினோம். பட்டன்களுக்குப் பெயர் வைத்தோம். வருவது மனுஷனா மெஷினா என்று பார்க்க, வளைந்து நெளிந்த எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கட்டத்தை எடுக்கலாமா என்று மைய நிர்வாகியைக் கேட்டால், "பூட்டைக் கழட்டச் சொல்றீங்களா?" என்று பதறினார். பூட்டு பின்பக்கமாக இருக்கும், வருகிறவர்கள் கண்ணைக் கசக்க வேண்டியதில்லை என்று விளக்கி, சம்மதம் வாங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாலேகாலுக்குப் பொன்மணியைக் கூப்பிட்டோம். அவர் நிரப்ப நிரப்ப, அவருடைய போன் வாசிப்பது எங்களுக்கும் கேட்டது. பெயர். பிறந்த தேதி. படிப்பு, எம்.ஏ. வரலாறு. "அனுப்பு" என்றது. அப்புறம் சத்தமே இல்லை.

"போயிருச்சா சார்?" என்றார். எங்கள் திரையில் விண்ணப்பம் வந்துவிட்டது. "வந்துருச்சும்மா, வந்துருச்சு" என்று நான் கத்தினேன். பிறகுதான் உறைத்தது: வெற்றி என்பதற்கு ஒரு பச்சை டிக் படம் மட்டும்தான் வைத்திருந்தேன். படம் பேசாது. நான் பெருமையாகச் சொன்னதற்கு அவர் நிதானமாகப் பதில் சொன்னார்: "சந்தோசம் சார், ஆனா போயிருச்சான்னு நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டா அது இன்னும் சரியாகலன்னுதானே அர்த்தம்?"

வேகம்

மறுவாரம் பொன்மணியை ஆபீசுக்கு அழைத்தோம். நாங்கள் செய்கிற ஒவ்வொரு வெப்சைட்டையும் அவர் சோதித்துச் சொல்ல வேண்டும், அதற்குச் சம்பளம் உண்டு என்று ஏற்பாடு. மடக்குக் குச்சியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, போனைக் காதருகே பிடித்து ஆரம்பித்தார். அதிலிருந்து வந்த சத்தம் டேப்பை வேகமாக ஓட்டியது போல இருந்தது. ஒரு எழுத்துகூட எங்களுக்குப் பிடிபடவில்லை. நாங்கள் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ் பார்த்து முடிப்பதற்குள் அவர் மூன்று தவறு கண்டுபிடித்துவிட்டார்.

எதற்கும் அசராத ஜெயந்தி அன்றைக்கு அசந்தார். "என்ன பாஷைம்மா இது?" என்று கேட்டார். பொன்மணி சிரித்தார்: "தமிழ்தான்க்கா. நீங்க கண்ணால ஓட்டிப் பாக்குறத நான் காதால ஓட்டிப் பாக்குறேன், அம்புட்டுத்தான்."

நடுவில் வந்தவர்

இதற்கிடையில், எங்களிடம் வெப்சைட் செய்யக் கொடுத்திருந்த ஒரு ஸ்கேன் சென்டர்காரர் சந்தோஷமாக வந்தார். யாரோ ஒரு விற்பனையாளர் அவருக்கு ஒரு வித்தை காட்டியிருக்கிறார். ஒரே ஒரு வரியை வெப்சைட்டில் ஒட்டினால் போதும், மூலையில் சக்கர நாற்காலி படம் வரும், அதை அமுக்கினால் உலகத்தில் எந்தக் குறை உள்ளவர்களுக்கும் எல்லாம் சரியாகிவிடும். "நீங்க மாசக்கணக்கா செய்றத அவன் ஒரு நிமிசத்துல செஞ்சுட்டான் பாத்தீங்களா" என்றார். ஒட்டச் சொன்னார், ஒட்டினோம். ஆனால் பொன்மணி பார்க்கட்டும் என்றோம்.

பொன்மணியின் போன் வாசிக்க ஆரம்பித்ததும் அந்த மூலைப் படமும் தன் பங்குக்கு வாசிக்க ஆரம்பித்தது. இது ஒரு வரி சொன்னால் அது வேறு வரி சொன்னது. ஸ்கேனுக்கு நேரம் குறிக்கும் பட்டன் இருக்கும் இடத்துக்குப் போனால், "உங்களுக்கு உதவலாமா?" என்று குறுக்கே ஒரு பெட்டி விழுந்தது. மூடினால் மறுபடி விழுந்தது. ஸ்கேன் சென்டர்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பொன்மணி போனை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்: "நான் ஏற்கெனவே ஒருத்தர் சொல்றதக் கேட்டுக்கிட்டுதான சார் இருக்கேன், இவரு யாரு நடுவுல?"

மரவள்ளி

சமயநல்லூரில் கருப்பையா அண்ணன் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். அவருடைய வெப்சைட்டில் நூற்றுக்கு மேல் செடிப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இது என்ன படம் என்று ஒரு வரி எழுதினால்தான் பார்வை இல்லாதவர்களுக்குப் புரியும். இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, நூறு படத்துக்கும் அதுவே எழுதட்டும் என்று விட்டேன். நாலு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது. நானும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டேன்.

மறுநாள் பொன்மணி போன் பண்ணி, "சார், அண்ணன் கஞ்சாச் செடி விக்கிறாரா?" என்று கேட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், மரவள்ளி இலையைப் பார்த்து ஏஐ அப்படி எழுதி வைத்திருக்கிறது. விரல் விரலாக விரிந்த இலை, அதற்கு அப்படித் தோன்றியிருக்கிறது. கருப்பையா அண்ணனிடம் சொன்னதும், "யோவ், போலீஸ் வந்துருவான்யா!" என்று அலறினார். அந்த அலறல் அடங்கியதும், "இனி நானே சொல்றேன், எழுதிக்க" என்று தோட்டத்தில் நடந்துகொண்டே ஒவ்வொரு செடிக்கும் வாட்ஸப்பில் பேசி அனுப்பினார். இலையைக் கசக்கினால் என்ன வாசம், எத்தனாம் வருஷம் காய்க்கும், வெயில் எம்புட்டு வேண்டும், எல்லாம். பொன்மணி அதைக் கேட்டுவிட்டு, படம் தெரிகிறவர்களுக்குக்கூட இவ்வளவு தெரியாது என்று சொல்லித் தன் வீட்டு மாடிக்கு இரண்டு கன்று ஆர்டர் போட்டார்.

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் நான் அண்ணன் சொன்னதில் பாதியைக் குறைக்க நினைத்து, மனசு வராமல் அப்படியே விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கொய்யாப் படத்தைத் தொட்டால் போன் இப்படித்தான் வாசிக்கும்: "சிவப்புக் கொய்யாக் கன்னு, மூணடி உசரம், பக்கத்துல நிக்கிறது என் மச்சினன், அவன் விக்கிறதுக்கில்ல."

கட்டை விரல்

அதே பண்ணை வெப்சைட்டில் எத்தனை கன்று வேண்டும் என்பதற்கு ஒரு இழுவைக் கோடு வைத்திருந்தேன். விரலால் வலதுபக்கம் இழுத்தால் எண்ணிக்கை கூடும். பார்க்க வழுவழுவென்று இருக்கும், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஒரு விவசாயி அதில் ஐநூறு எலுமிச்சைக்கு ஆர்டர் போட்டுவிட்டார். வண்டி வைத்து ஏற்றுவதற்கு முன் எதற்கும் கேட்போம் என்று கருப்பையா அண்ணன் கேட்டால், அவருக்கு வேண்டியது ஐம்பது.

என்ன ஆயிற்று என்று பார்க்க நானே அவரைப் போய்ப் பார்த்தேன். கதிரடிக்கிற மெஷினில் வலது கையில் நாலு விரல் போய்விட்டது அவருக்கு. மிச்சமிருக்கிற கட்டை விரலை வைத்து அந்தக் கோட்டை இழுத்துக் காட்டினார். ஐம்பதில் நிற்கவே இல்லை, நழுவி நழுவி ஓடியது. நான் மன்னிப்புக் கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து ஜெயந்தியைக் கூப்பிட்டு, கோட்டை எடுத்துவிட்டு, இரண்டு பெரிய பட்டன் போடச் சொன்னேன்: ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க. அவர் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். ஐம்பது வந்ததும் விரலை எடுத்தார், எண் அங்கேயே நின்றது. "இம்புட்டுத்தானப்பா," என்றார், "இத மொதல்லயே வச்சிருந்தா நான் சர்பத்துக் கடை போடுற நெலமைக்கு வந்திருக்க மாட்டேன்ல."

இனிப்புப் பெட்டி

போன மாதம் ஒரு புதன்கிழமை பொன்மணி இனிப்புப் பெட்டியோடு மாடியேறி வந்தார். வகுப்பில் சேர்ந்தார், படித்தார், முதல் தடவை நாலு மார்க்கில் விட்டார், இரண்டாம் தடவை தேறிவிட்டார். அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர் வேலை. உத்தரவு வந்த கடிதத்தைப் போன் வாசிக்க, அவர் தனியாக உட்கார்ந்து கேட்டாராம். அம்மா சமையல்கட்டில் இருந்தாராம். உடனே கூப்பிடவில்லை, இன்னொரு தடவை முழுக்க வாசிக்கவிட்டு அப்புறம்தான் கூப்பிட்டாராம். இதைச் சொல்லும்போது ஜெயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலைச் சாத்தப் போனார். சன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

எனக்குச் சந்தோஷமும் கவலையும் ஒன்றாக வந்தது. "இனிமே எங்க வேலையை யாரும்மா பாத்துச் சொல்லுவா?" என்று கேட்டேன். அதற்கும் ஏற்பாடு பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தார். கூடப் படித்தவர்கள் மூன்று பேர் வருவார்களாம். ஒருவருக்குப் பார்வை கிடையாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குக் கை நடுங்கும். திங்கட்கிழமையே வருவார்கள். பெட்டியிலிருந்து ஒரு பாதுஷாவை எடுத்து என் பக்கம் நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன் சார், அவங்கள்லாம் என்னைய மாதிரி மரியாதையாத் திட்ட மாட்டாங்க."

முன்பெல்லாம் எங்கள் வெப்சைட்டுக்குள் நுழைய முடியாதவர்கள் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள், இப்போது அவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்து ஊரோடு சேர்ந்து எங்களிடம் குறை சொல்கிறார்கள். இந்தத் தொழிலில் இதற்குப் பெயர்தான் முன்னேற்றம்.