காப்பிக்குப் போன கப்

எங்கள் கட்டடத்தில் மிரெல்கிஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் "தங்கமான பொம்பளை" என்பார்கள். கேட்பதற்குத்தான் ஆளில்லை. பாதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது, சாவி மயாமியிலோ மாட்ரிட்டிலோ இருக்கிறது. அவள் மேல்மாடி, நான் அவளுக்கு நேர் கீழே. படுத்த படுக்கையாக ஒரு மாமியாரை வைத்துக்கொண்டு நான் எங்கே மாடியேறி அரட்டை அடிப்பது? மிரெல்கிஸுக்குப் பெற்றவர்கள் இல்லை, பிள்ளை இல்லை. தலைநகர் ஹவானாவுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். மிச்சம் இருந்த தங்கை யாநெய்சியும் எல்லை தாண்டிப் போய், மயாமிக்கும் அப்பால் டாம்பாவில் ஹோட்டல் அறைகளைக் கூட்டித் துடைக்கிறாள்.

மிரெல்கிஸுக்கு ரயில்வே கேட்டில் வேலை. காமாகுவே ஊர் முடிந்து முள்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு கூண்டு, ஒரு நாற்காலி, கையால் சுற்றி இறக்கும் தடுப்புக் கம்பம், ஒரு கொடி. கரும்பு ஏற்றிய ரயில் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அவள் மட்டும் பொழுது சாயும்வரை இருந்தாக வேண்டும். கக்கூஸ் கிடையாது. கூண்டைக் கட்டியவன் ஆம்பிளை, தனக்கு முள்காடு போதும் என்றால் ஊருக்கே போதும் என்று நினைத்துவிட்டான்.

மாதவிடாய் நாட்களில்தான் அவள் பாடு பெரும்பாடு. மருந்துக்கடைக்குப் பஞ்சு வந்தால் அதிர்ஷ்டம். வராத மாதம் பழைய விரிப்பைக் கிழித்த துணிதான். கொளுத்தும் வெயிலில் இடுப்பில் ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு, எழுந்து நிற்கவே பயந்து, உட்கார்ந்தபடி கொடி காட்டுவாள். ஒருமுறை ஒரு லாரிக்காரன், "மகாராணி நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டாங்களோ?" என்று கத்திவிட்டுப் போனான். எந்திரிக்க முடிந்தால் எந்திரித்திருக்க மாட்டாளா, மடையன்!

யாநெய்சி அனுப்பிய பொட்டலத்தில், சோப்புக்கும் மாத்திரைக்கும் நடுவே ரப்பர் மாதிரி வளைகிற ஒரு சிலிக்கான் கப் வந்தது. போனில் சிக்னல் கிடைப்பது என் பால்கனியில்தான், அதனால் அக்கா தங்கை பேச்செல்லாம் என் காதில் விழும். "மடிச்சு உள்ள வெச்சுக்க, அதுவா விரிஞ்சு ரத்தத்தைப் பிடிச்சுக்கும். எடுக்கறப்ப குந்தி உக்காந்து முக்கு. கொட்டிக் கழுவிட்டு மறுபடி வெச்சுக்க. நாள் முடிஞ்சதும் கொதிக்க வெச்சு எடுத்து வை. பத்திரமா வெச்சுக்கிட்டா வருஷக்கணக்கா வரும்" என்றாள் யாநெய்சி.

முதல் நாளே மிரெல்கிஸ் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "நிடியாக்கா, காணாமப் போச்சு! உள்ள எங்கயோ போயிடுச்சு!"

"எங்கடி போகும்? உள்ள என்ன காமாகுவே சந்துபொந்தா, வழி தெரியாம சுத்துறதுக்கு? உன் தங்கச்சி சொன்ன மாதிரி குந்தி உக்காந்து மெதுவா முக்கு. அடியைக் கிள்ளிப் பிடிச்சு இழு, வரும்."

வந்தது. இரண்டு மாதத்தில் கை பழகிவிட்டது. பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் முள்காட்டுக்குப் பின்னால் கழுவிக்கொள்வாள். அந்த நாட்களிலும் நின்றுகொண்டே கொடி காட்டினாள். "நான் இன்னிக்கு உக்காரவே இல்லக்கா" என்று வந்து சொன்னாள்.

எங்கள் கட்டடத்திலேயே அடுத்த படிக்கட்டுப் பக்கம் குடியிருக்கும் எலியேசர் ஒரு நாள் அவள் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய வந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். பிறகு தினமும் சாயங்காலம் வந்தார். காதலா என்று என்னைக் கேட்காதீர்கள். வராத தண்ணீரையும் போன கரண்டையும் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் மிரெல்கிஸின் சிரிப்புச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவளுடைய காப்பிப் பானை ரொம்பச் சின்னது; கீழ்ப்பாதியில் கொதிக்கும் தண்ணீர் ஆவியின் வேகத்தில் தூள் வழியே மேல்பாதிக்கு ஏறும் வகை. இரண்டு பாதியும் சேரும் இடுப்பிலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்து, ஆவியெல்லாம் பக்கவாட்டில் சீறிக்கொண்டு போகும். எலியேசர் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு வளையம் போட்டார். ரேஷனில் தரும் பட்டாணி கலந்த காப்பித்தூளே ஒரு தினுசு, அதோடு டியூப் நாற்றமும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

"நல்ல ரப்பர் ஒண்ணு கையில கிடைக்கட்டும் மிரெல்கிஸ், அப்பறம் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர் ஆம்பிளைகள் எந்த ரப்பரைப் பார்த்தாலும் கத்தியைத் தேடுவார்கள். கடையில் எதுவும் கிடைக்காத ஊரில் அப்படித்தான் பிழைக்க முடியும்.

அன்று அவளுக்கு நாள் முடிந்திருந்தது. கரியடுப்பில் பழைய பால் டப்பாவை வைத்துக் கப்பைக் கொதிக்கவிட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது. டப்பாவை இறக்கி வைத்துவிட்டு வாளியோடு ஓடினாள். நானும் ஓடினேன். திரும்பும்போது என் வாளியில் ஒன்றை அவள் தூக்கிக்கொண்டாள்; என் வீட்டில் அதை இறக்கி வைத்துவிட்டு, பதிலுக்கு அவள் வாளிக்கு ஒரு கை கொடுத்து நானும் மேல்மாடி ஏறினேன்.

கதவு திறந்து கிடந்தது. எலியேசர் அடுப்படியில் நின்றார். வீடு முழுக்கக் காப்பி மணம். கப்பின் வாய்விளிம்பை வளையமாக வெட்டிப் பானைக்குள் பொருத்திவிட்டார். மிச்சம் மேசைமேல் காம்போடு கவிழ்ந்து கிடந்தது.

"பாத்தியா? ஒரு பொட்டு ஆவி வெளிய வரல!" என்றார். பரிசு வாங்கின பிள்ளை மாதிரி முகம். "உன் தங்கச்சி அனுப்பின புனலா அது? எவ்வளவு அருமையான சரக்கு! தண்ணியில போட்டு வெச்சிருந்தியா, சரி, எனக்காகத்தான் எடுத்து வெச்சிருக்கியோன்னு நெனச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். மிரெல்கிஸ் என் காலை மிதித்தாள். வாளியை இறக்கி வைத்தாள், மேசைமேல் கிடந்ததைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆமா எலியேசர், உங்களுக்காகத்தான். ஊத்துங்க, குடிப்போம்" என்றாள்.

மறுநாள் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் புத்தி இருக்கா? அது என்னன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வெக்கத்துல செத்துடுவார்க்கா. அதுக்கப்பறம் என் வாசப்படி மிதிப்பாரா?"

"அப்ப துணியைக் கட்டிக்கிட்டு மறுபடி நாற்காலியில உக்காரப் போறியா?"

"அது மாசத்துல கொஞ்ச நாள். ஆள் இல்லாத வீடு தினமும் இருக்கே."

எனக்கு அவள்மேல் வந்த கோபம் என்மேலேயே திரும்பியது. ஒரு தளம்தான் ஏற வேண்டும், எத்தனை சாயங்காலம் ஏறியிருக்கிறேன்?

அடுத்த மாதம் ஸ்வெட்டர் மறுபடி இடுப்புக்கு வந்தது. கிழித்த விரிப்பு துணிக்கொடியில் காய்ந்தது. எலியேசர் அதைப் பார்த்து, "வீட்டுல தூசி ஜாஸ்தியோ, இத்தனை துடைக்கிற துணி?" என்று கேட்டாராம். இதைச் சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யாநெய்சி எப்போதாவதுதான் கூப்பிடுவாள். இரண்டு வேலை பார்க்கிறாள், எல்லை தாண்டிப் போன செலவுக்கு வாங்கிய கடனை இன்னும் அடைக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாள். மிரெல்கிஸ் என் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, அந்தக் கப் நல்லா உபயோகப்படுதா?"

"தினமும் உபயோகப்படுதுடி."

"தினமுமா? அப்படின்னா டாக்டரைப் போய்ப் பாரு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இன்னொன்று வேண்டும் என்று கேட்டுவிடேன் என்று நான் ஜாடை காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் யாநெய்சி ஏதோ அழுகையோடு சொல்லத் தொடங்கினாள். அங்கே அவளுக்கும் பேச ஆளில்லை போலிருக்கிறது.

அப்போது மேலே படிக்கட்டிலிருந்து எலியேசர் குரல் கேட்டது. "மிரெல்கிஸ், இருக்கியா?"

அவள் முகத்தில் அப்படியொரு பெருமை வந்தது.

"யாநெய்சி, அழாதடி. நான் அப்பறம் பேசறேன், என்ன? வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டு மேலே ஓடினாள்.