மூன்று பிளேட் இடைவெளி

நெடுந்தீவில் முப்பது வருசமாக எஞ்சின் பிரிக்கிறேன். வள்ளத்து எஞ்சின், மோட்டார் சைக்கிள், தண்ணீர் இறைக்கிற மெசின். என் கை படாத எஞ்சின் இந்தத் தீவில் குறைவு. தீவுக்குப் புதிதாக வந்த, நாலு சில்லில் ஓடுகிற மோட்டார் சைக்கிளும் என்னிடம்தான் வரும் என்று இருந்தேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அதைப் படகில் ஏற்றிக் கொண்டு வந்தார். மணலில் இழுவை போதவில்லை என்று பெரிய பிஸ்டனும் அதற்கேற்ற சிலிண்டரும் ஒரு பெட்டியில் எடுப்பித்திருந்தார். அவருடைய பிள்ளைகள் அடுத்த கிழமை வர இருந்தார்கள். அதற்குள் பூட்டி முடிக்க வேண்டும். வேலையை என் மச்சானிடம் கொடுத்தார். என் மனைவியின் தம்பி. யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்து, இறங்குதுறைக்குப் பக்கத்தில் கடை போட்டு இரண்டு வருசம்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூட்டுகிற நாள் காலை மச்சான் வந்தான்.

“அத்தான், உங்கட ரிங் தகட்டை ஒருக்காத் தாறீங்களே?”

பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்கும்போது அதைச் சுற்றியிருக்கிற ரிங்கை அமத்திப் பிடிக்கிற தகடு அது. பால்மா ரின் தகரத்தை வெட்டி நானே செய்தது. எங்களிடத்தில் வேலை ஆயுதம் தனியாகப் போகாது. இரவல் கொடுத்தவனும் கூடப் போவான். போனேன்.

வண்டிச் சொந்தக்காரரின் முற்றத்தில், மர வாங்கில் இருந்து பார்த்தேன். கைக்கு உறை போட்டிருந்தான். கழற்றிய நட்டுகளை ஒழுங்காக ஒரு தட்டில் அடுக்கினான். நான் தேங்காய்ச் சிரட்டைக்குள் போடுகிறவன். பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளை விரித்து வாசித்தான். எனக்கு அதில் படம் மட்டும் விளங்கும். சொந்தக்காரர் பிளேன்ரீ ஊற்றிக் கொண்டு வந்தார். முதல் கிளாஸ் அவனுக்கு.

“எப்பிடித் தம்பி, முடியுமே?”

“ஓம் அண்ணை. பின்னேரம் ஓடலாம்.”

“நீரும் பாத்துப் பழகும்,” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பகிடிதான். பகிடி என்று எனக்கும் தெரியும்.

பிறகு ஒன்றைக் கண்டேன். ரிங்கின் இரண்டு நுனிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் வேண்டும். சூடேறினால் இரும்பு விரியும். இடம் இல்லாவிட்டால் நுனிகள் முட்டி, எஞ்சின் இறுகிப் போகும். நான் ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் தள்ளி, சவரம் எடுக்கிற பிளேட்டுகளை ஒன்றாக அடுக்கி அந்த இடைவெளிக்குள் விட்டுப் பார்ப்பேன். இந்த அளவு எஞ்சினுக்கு மூன்று போக வேண்டும். நாலு போகக்கூடாது. மச்சான் அளக்கவே இல்லை. ரிங் ஏற்கெனவே பிஸ்டனில் இருந்தது. என் தகட்டைச் சுற்றி, நேரே இறக்கினான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பூட்டி முடிக்கட்டும், சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கட்டும் என்று இருந்தேன்.

பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினான். நல்ல சத்தம். சொந்தக்காரர் அவன் முதுகில் தட்டினார். முப்பது வருசத்தில் என் முதுகில் ஒருவரும் அப்படித் தட்டியதில்லை.

“ரிங் இடைவெளி அளந்தனியே?” என்று கேட்டேன்.

“நேற்றே அளந்தனான் அத்தான்.”

“நான் காணேல்லை.”

“நேற்று நீங்கள் இஞ்ச இல்லை.”

சொந்தக்காரர் பக்கம் திரும்பினேன். “அளக்காமல் ஓடினால் இறுகும். பிள்ளையளோட நடுவெளியில நிக்க வேண்டி வரும்.”

மச்சான் எஞ்சினை நிப்பாட்டினான். “அண்ணை, சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழ நசுங்கி அடைக்கிற கஸ்கற் ஒண்டுதான் வந்தது. ஒருக்கா இறுக்கினதைக் கழட்டினால் திரும்பப் போட ஏலாது.”

அது எனக்கும் தெரியும்.

சொந்தக்காரர் என்னிடம் கேட்டார். “நீர்தான் பழைய ஆள். நீர் சொல்லும். கழட்டவோ?”

“கழட்டச் சொல்லுங்கோ.”

இரவு ஆறவிட்டு, விடியக் கழற்றினான். ரிங்கை எடுத்துச் சிலிண்டருக்குள் வைத்து என் பக்கம் நீட்டினான். வீட்டிலிருந்து பிளேட் கொண்டு போயிருந்தேன். இரண்டு போனது. மூன்று போனது. நாலாவது போகவில்லை.

சரியான இடைவெளி. பிழை சொல்ல ஒன்றுமில்லை.

சொந்தக்காரர் ஏசவில்லை. “சரி, விடும்,” என்றார். ஏசியிருக்கலாம்.

புதுக் கஸ்கற் வர முதல் பிள்ளைகள் வந்தார்கள். தரப்பாளால் மூடிக் கிடந்த அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஓட்டோ பிடித்துத் தீவைச் சுற்றிப் பார்த்தார்கள். போனார்கள்.

“உங்களுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதோ?” என்று மனைவி கேட்டாள். மூட வேண்டிய நேரம் திறந்தேன், திறக்க வேண்டிய நேரம் மூடினேன்.

கஸ்கற் வந்ததும் மச்சான் திரும்பப் பூட்டினான். இந்த முறை தகடு கேட்டு வரவில்லை. பால்மா ரின் ஒன்றை வெட்டித் தானே செய்தானாம். என்னுடையதை விட வடிவாக இருக்கிறதாம். மனைவிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.