எல்லாத்தையும் வெக்டரில்

இரும்புலியூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஓர் அக்காவுக்கு வெப்சைட் செய்துதர ஒத்துக்கொண்டேன். அவர் கணவர் ஆரம்பித்த ஸ்கூல். கணவர் தவறி ஒரு வருடம் ஆகிறது. இப்போது அக்காதான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிறார். முதல் பக்கத்தில் கணவரின் படம் வர வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது.

நான் லோகோ கேட்டேன். காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். கண்ணாடியில் எதிர்வீட்டு மொட்டைமாடியும் காயப்போட்ட துணியும் தெரிந்தன. வேறு கேட்டேன். விசிட்டிங் கார்டு வந்தது, பிடித்திருந்த கட்டைவிரலோடு. இன்னொரு முறை கேட்டதற்கு, முதல் படத்தையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். என் பிழைப்பில் பாதி நாள் இப்படித்தான் போகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன் போட்டுக் கத்தினேன். "அக்கா, இதெல்லாம் புள்ளி புள்ளியா சேர்ந்த படம். பெருசாக்கினா உடையும். கோடா வரைஞ்ச ஃபைல் வேணும், வெக்டர்னு பேரு. எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது. ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் எல்லாத்தையும் வெக்டர்ல வாங்கிட்டு வாங்க."

எல்லாத்தையும் என்றேன். எரிச்சலில் வாயில் வந்த வார்த்தை.

அந்த வாரக் கடைசியில் அக்கா பென் டிரைவோடு நேரிலேயே வந்தார். பெருங்களத்தூர் கடையில் அரை நாள் காத்துக்கிடந்து வாங்கியதாம். லோகோ அவ்வளவு கச்சிதம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அடுத்த ஃபைல் திறக்கவே நேரம் எடுத்தது. திறந்தால், கணவரின் முகம். கடைக்காரர் போட்டோவையும் வெக்டராக மாற்றித் தள்ளிவிட்டார். கன்னம் ஒரு பழுப்புத் திட்டு, நெற்றி இன்னொரு திட்டு, கண் இரண்டும் கறுப்புப் பொட்டு. ஃபைலின் கனம் வேறு போட்டோவைவிடப் பல மடங்கு.

"இன்னா தம்பி, இப்போ உடையாதுல்ல?"

"யாருக்கா இதை மாத்தச் சொன்னது? முகத்தைப் போய் வெக்டர் பண்ணுவாங்களா? அது லோகோவுக்கு. போட்டோ போட்டோவாவே இருக்கணும்!" என்று எகிறினேன்.

நீதானே சொன்னாய் என்று கேட்டிருக்கலாம்.

கணவரின் பழைய போனிலிருந்து கடைக்காரர் எடுத்த அசல் படமும் அதே பென் டிரைவில் கிடந்தது. சாதாரண ஜேபெக் போட்டோ ஃபைல். இரண்டு நாள் தாடியோடு, ஒரு கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் மனிதர். வெப்சைட்டில் வரும் அளவுக்கு அது தாராளமாகப் போதும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அக்கா அசல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ தப்பு அந்த மாத்துன படத்துலதானா?" என்றார். "கடைக்காரர் அத்த பிரிண்ட் போட்டுக் குடுத்தாரு தம்பி. மூணு நாளா வூட்ல வச்சு பாத்துகினு கீறேன். நீயும் அதான் நல்லதுன்னு சொல்லிட்டியா, அவரு மூஞ்சி எனக்குத்தான் மறந்துபோச்சுன்னு நெனச்சுக்கினேன்."