டிராக்டர் கொட்டகைக்கு ஒரு தனி பாக்ஸ்

டிஷ் மாட்டுகிறவனுக்கு மேலே இருக்கிற சாட்டிலைட்டால் எந்தத் தொந்தரவும் கிடையாது. அது பாட்டுக்கு அதன் இடத்தில் நிற்கும். தொந்தரவெல்லாம் கீழே இருக்கிற மனிதர்களால்தான். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிற என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிவி முன்னால் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நீடாமங்கலத்தைச் சுற்றித்தான் எனக்கு வேலை. புது இணைப்பு கொடுப்பது பெரிய விஷயம் இல்லை. "வீட்டுல ஒண்ணு இருக்கு தம்பி, அந்தாண்ட தனியா ஒரு கட்டடம் இருக்குல்ல, அதுக்கு ஒரு பாக்ஸ் வேணும்" என்பார்கள் பாருங்கள், அங்கேதான் வம்பு ஆரம்பம். வேலை என்னவோ சுலபம்தான். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கைக் கழற்றிவிட்டு இரண்டு ஓட்டை உள்ள மூக்கைப் போட வேண்டும். ஒன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு கேபிள், இன்னொன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு ஒரு கேபிள். ஏன் தனிக் கட்டடத்துக்கு என்று நாம் கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் அவர்களே சொல்வார்கள், அதுதான் கொடுமை.

வலைக் கொட்டகை

நாகப்பட்டினத்தில் என் மச்சானும் இதே தொழில்தான். அவனுக்குக் காய்ச்சல் என்று அவன் வேலைக்கு நான் போனேன். படகு வைத்திருக்கிற ஒருவர், வீட்டுக்குப் பின்னால் வலை பின்னுகிற கொட்டகைக்குத் தனி பாக்ஸ் கேட்டிருந்தார். கிழிந்த வலையைத் தைக்க ஆட்கள் வருவதில்லை, வந்தாலும் டீ குடிக்கப் போகிறவர்கள் திரும்புவதில்லை, டிவி இருந்தால் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் டிவியை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில், உப்புக்காற்றில் கேபிள் முனை துருப்பிடித்துப் படம் போய்விட்டது என்று மறுபடி கூப்பிட்டார். கொட்டகை நிறைய ஆட்கள். டிவி வேலை செய்யவில்லை என்றதும் எல்லோர் முகத்திலும் சாவு வீட்டுக் களை. ஒருத்தர் கையிலும் ஊசி இல்லை. படகுக்காரர் என்னைத் தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னார்: "டிவி போட்டா ஆளு வருவான்னு நெனச்சேன் தம்பி. ஆளு வந்துட்டான். வலைதான் அப்படியே கெடக்கு."

வேறு சர்வே நம்பர்

இனி வருவதெல்லாம் ஒரே வீட்டுக் கதை. நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் சவரிநாதன் என்று ஒரு விவசாயி. வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவர்கள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கொஞ்சம் நிலம், ஒரு டிராக்டர், கிரிக்கெட் என்றால் உயிர். மனைவி லூர்துமேரி அம்மா. ஒரே மகள் ரீட்டா, பிரசவத்துக்கு வந்திருந்தாள். இதற்கு முன் இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கவில்லை. இந்த முறை டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். தவக்காலம் தொடங்கிய அன்று லூர்துமேரி அம்மா மாதாவுக்கு ஒரு வேண்டுதல் வைத்தார்: குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், அதற்காக ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் டிவி போடுவதில்லை. சவரிநாதனும் கோயிலில் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். அடுத்த வாரம் எனக்குப் போன் செய்தார்.

டிராக்டர் கொட்டகை வீட்டிலிருந்து களத்தைத் தாண்டித் தள்ளி நிற்கிறது. அங்கே ஒரு பழைய டிவியைத் துடைத்து வைத்திருந்தார். செல்போனில் பார்க்கலாமே என்றேன். பந்து கண்ணுக்கே தெரியவில்லை என்றார். கொட்டகைமேல் புது டிஷ் வைத்தால் அடுப்படி ஜன்னலில் இருந்து தெரியும். கேபிளைப் புதைத்தால் எலி கடித்துவிடும். கடைசியில் வீட்டு டிஷ்ஷிலிருந்தே கேபிளை எடுத்துத் தென்னைமரம் வழியாகக் களத்துக்கு மேலே கொண்டுபோனேன். எல்லாம் அந்த அம்மா காலைப் பூசையிலிருந்து திரும்புவதற்குள் முடிந்தாக வேண்டும் என்று உத்தரவு. "வேண்டுதல் இருக்கேங்க ஐயா" என்று கீழே இறங்கியபின் மெதுவாகக் கேட்டேன். அவர் அதற்கும் தயாராக இருந்தார்: "வீட்டுல போடறதில்லன்னுதான் தம்பி வேண்டுதல். இந்தக் கொட்டகை பட்டாவுலயே வேற சர்வே நம்பர்."

துணி காய்கிறது

பத்து நாள் போயிருக்கும். படம் விட்டு விட்டு வருகிறது என்று போன். போய்ப் பார்த்தேன். சவரிநாதன் உளுந்து அறுப்புக்கு ஆள் சொல்லப் போயிருந்தார். களத்தில் நிமிர்ந்து பார்த்தால், நான் இழுத்துக் கட்டின கேபிளில் இரண்டு புடவை, ஒரு போர்வை, ரீட்டாவின் நைட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஈரப் போர்வை கனத்தில் கேபிள் முனை பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. படம் ஏன் வரும்.

பின்னாலேயே லூர்துமேரி அம்மா வாளியோடு வந்து நின்றார். என் கையில் இருந்த கட்டரையும் கேபிள் போகிற திசையையும் ஒருமுறை பார்த்தார். கேபிள் எங்கே போகிறது என்பது கண் உள்ள யாருக்கும் தெரியும். "போர்வை மட்டும் போடாதீங்கம்மா, கனம் தாங்காது" என்றேன், வேறு என்ன சொல்ல என்று தெரியாமல். அவர் போர்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "சரி தம்பி, இனிமே ஜாக்கெட்டு மட்டும் போடறேன். நான் பாத்தேன்னு அவருகிட்ட சொல்ல வேணாம்."

கட்டில்

அந்த ஊர் மாதா கோயில் பங்குச் சாமியார் வீட்டிலும் எனக்கு வேலை உண்டு. நான் அங்கே போகிறேன் என்று தெரிந்ததும் சவரிநாதன் ஒரு தூது சொல்லி அனுப்பினார். பேர் சொல்லாமல் கேட்க வேண்டுமாம். மனசாட்சி உறுத்த ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் கேட்டேன்: "சாமி, டிராக்டர் கொட்டகை வீடா, வீடு இல்லையா?" சாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். யார் அனுப்பினது என்று அவருக்குப் புரிந்திருக்கும். அந்த ஊரில் டிராக்டர் வைத்திருக்கிற வேதக்காரர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள். "அவரு அங்க படுத்துத் தூங்குவாரா?" என்று கேட்டார். "நியூஸ் போட்டா தூங்கிடுவாரு சாமி, கட்டில் போட்டிருக்காரு" என்றேன். "அப்ப வீடுதான்" என்றார்.

தீர்ப்பை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன். சவரிநாதன் டிராக்டரையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, பாக்ஸைக் கழற்றப் போகிறோம் என்று நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன். அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன்: "கட்டிலை எடுத்து வெளியில போட்டுட்டேன் தம்பி. இப்ப டிராக்டர் சீட்டுல உக்காந்துதான் பாக்கறேன்."

சத்தம்

ஒருநாள் காற்றடித்து டிஷ் திரும்பிவிட்டது. மாடிக்கு வீட்டுக்கு உள்ளேதான் படி. ரீட்டா கூடத்து ஜன்னல் ஓரமாகக் கட்டிலில் படுத்திருந்தாள். நான் வேலையை முடித்து இறங்கும்போது, "அண்ணே" என்று மெல்லக் கூப்பிட்டாள். அம்மா அடுப்படியில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். "கொட்டகையில அப்பா டிவி சத்தத்தக் கொறச்சு வச்சிருக்காரு. கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கண்ணே. நான் பாக்கறேனா என்ன, கேக்கத்தானே போறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் அது போய்விட்டது. ரெண்டு தடவை போயிடுச்சு, இந்தத் தடவை புரண்டு படுக்கவே பயமா இருக்கு, நாள் பூரா மேலே பாத்துக்கிட்டே கெடந்தா அதே நெனப்புதான் வருது, அந்தச் சத்தம் கேட்டா கொஞ்ச நேரம் மறக்குது என்றாள். ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

சவரிநாதனிடம் சொன்னேன். மகளுக்கு ஆசை கிளம்பக் கூடாது என்றுதான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாராம். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தபடியே ரிமோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் மேட்ச்சை மாற்றிவிட்டு ஒரு காமெடி சேனலைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் அதே சேனல்தான் என்று கேள்விப்பட்டேன். ஓட்டம் எத்தனை, விக்கெட் எத்தனை என்று என்னிடம்தான் போனில் கேட்பார். ஏன் ஐயா, அந்தக் காமெடி உங்களுக்குப் பிடிக்குமா என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு ஒரு எழவும் புரியல தம்பி. அங்கேருந்து அவ சிரிக்கிறது கேக்குது, அது போதும்" என்றார்.

கழற்று

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காலையில் சவரிநாதனிடமிருந்து போன். உடனே வா என்கிறார், எதற்கு என்று சொல்லவில்லை. ரீட்டாவுக்கு நாள் வருவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்து, ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். லூர்துமேரி அம்மாவும் மாப்பிள்ளையும் கூட இருக்கிறார்கள். நான் போய்ச் சேரும்போது, துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்த சவரிநாதன் வந்த வேலையை விட்டுவிட்டு, அரிவாளால் கேபிளைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். தென்னை மரத்தடியெல்லாம் கறுப்புத் துண்டுகள். பாக்ஸை என் கையில் திணித்தார். மாடியில் இருக்கிற டிஷ்ஷையும் கழற்றச் சொன்னார்.

"டிஷ் வீட்டுக்கு வேணும்லங்க ஐயா" என்றேன். வேண்டாம் என்றார். அது நிற்கிற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்க மாட்டேன் என்றார். நல்ல வார்த்தை நாலு சொல்லலாம் என்று, நீங்க டிவி பாத்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க ஐயா என்று ஆரம்பித்தேன். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சம்பந்தம் இல்லன்னு நீங்க சொல்லிடலாம். உள்ள கெடக்கறது எம் பொண்ணு."

நான் ஏறிக் கழற்றினேன்.

ராத்திரிச் சாப்பாடு

பெண் குழந்தை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஈஸ்டர் போய்ப் பல நாள் கழித்துத்தான் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். வந்த மறுநாள் எனக்குப் போன் வந்தது, இந்தமுறை லூர்துமேரி அம்மாவிடமிருந்து. டிஷ்ஷைத் திரும்ப மாட்ட வேண்டும், வீட்டுக்கு மட்டும்.

மாட்டிவிட்டுக் கூடத்தில் பாக்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ரீட்டா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லூர்துமேரி அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சவரிநாதன் தூணில் சாய்ந்து நின்றார். படம் வந்ததும் எல்லோரும் பார்த்தார்கள், அவர் மட்டும் பார்க்கவில்லை. "மேரி, ஒண்ணு சொல்லணும்" என்றார். நான் இருக்கிறேன் என்பதைக் கூட மறந்துவிட்டார். கொட்டகை, கேபிள், பட்டா, கட்டில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். என்னால்தான் பிள்ளை அந்தக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது என்றார்.

முறம் நிற்கவில்லை. "தெரியும்" என்றார் அந்த அம்மா. "புள்ள சிரிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. அத நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல. வேண்டுதலையும் விட முடியல. அதான் நீங்க அங்க போன நாளுக்கெல்லாம் நான் ராத்திரி சாப்பாட்ட விட்டுட்டேன்." சவரிநாதன் தூணை விட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு, நான் ஒருநாள்கூடக் கவனிக்கலையே என்றார். எனக்கு ரிமோட்டில் எந்தப் பட்டனை அமுக்குகிறேன் என்றே தெரியவில்லை. அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கோபம் துளியும் இல்லாமல் சொன்னார்: "சாப்பாட்டு நேரத்துக்கு நீங்க இங்க இருந்தாத்தானங்க தெரியும்."

இப்போதெல்லாம் யாராவது தனிக் கட்டடத்துக்கு இன்னொரு பாக்ஸ் கேட்டால், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துவிட்டுத்தான் வண்டியிலிருந்து ஏணியை இறக்குகிறேன், அவர்களும் டிஷ்காரனுக்குப் பசி போலிருக்கிறது என்று எனக்கு இலை போட்டுவிடுகிறார்கள்.