உடையப்பன் வீட்டின் இரண்டாவது ஊஃபர்

முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலியோடு உடையப்பன் கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தார். சுவரோரமாகக் கொஞ்ச தூரம் போவது, நிற்பது, தலையைத் தரைப் பக்கம் சாய்ப்பது, முகத்தைச் சுளிப்பது, மறுபடியும் நகர்வது. சமையலறை வாசலை ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆள் இல்லை. ஆள் உட்கார வேண்டிய இடத்தில் கறுப்பு மரப்பெட்டி ஒன்று உட்கார்ந்து 'தொம் தொம்' என்று அதிர்ந்துகொண்டிருந்தது. வாசலில் என்னைப் பார்த்தும் அவர் எழுந்திருக்கவில்லை. "வாங்க தம்பி. செத்த நேரம் பேசாம நில்லுங்க. சத்தம் எங்கிட்டு தடிக்குதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு இதுதான் வேலை. நாகல் நகரில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்வீடு அவருடையது. மேளச் சத்தத்தை அதிர அதிரத் தள்ளும் அந்த ஊஃபர் பெட்டி அவர் வாயில் 'ஊப்பரு' என்றுதான் வரும். அது அதிரும்போது மாடியில் என் டீத் தம்ளரும் சேர்ந்து அதிரும்.

ஆள் கனத்த உடம்பு, ஐம்பதைத் தாண்டியவர். 'குட்டியானை' என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். வியாழக்கிழமை அய்யலூர் சந்தை ஆடுகள், மற்ற நாட்களில் தக்காளி, கத்தரிக்காய், கொடைரோட்டுப் பக்கமிருந்து பூ மூட்டை. வீட்டில் இவ்வளவு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருப்பவரின் வண்டியில் பாட்டே கிடையாது. கேட்டால், "ஆடு மெரளும் தம்பி. அதுக பாவம், எங்கிட்டுப் போறோம்னே தெரியாம வருதுக. இதுல பாட்டு வேறயா?" என்பார்.

அவரிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. யாரிடம் பேசினாலும் நேருக்கு நேர் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். கை இரண்டும் கூடவே பேசும். போனில் பேசும்போதும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டு முக்கில் ஒரு போலீஸ்காரர், "என்னய்யா, நக்கலா?" என்று கேட்டே விட்டாராம். நக்கல் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் நூல் மில்லில் வேலை பார்த்த அவர் மனைவி ஒச்சம்மாளுக்குக் காது கேட்காது. அவருக்காகப் பழகிய பேச்சு மற்றவர்களிடமும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒச்சம்மாளுக்குக் காது ஒரே நாளில் போகவில்லை. மில் இரைச்சல் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. "மில்லுக்குள்ள ஜாடையிலதான் பேசுவோம். வெளிய வந்தும் ஜாடையிலயே பேசுறேன்னு என் மக சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுச்சு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். டாக்டர் நரம்பு போய்விட்டது என்று சொல்லிக் காதில் மாட்ட ஒரு மெஷின் கொடுத்தார். "அதப் போட்டா கொய்யுனு கத்துது. பேச்சு வெளங்கல, கத்தல்தான் வெளங்குது" என்று அதைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அதைவிடப் பெரிய இழப்பு சினிமா. கல்யாணம் ஆனதிலிருந்து இருவரும் சேர்ந்து போன ஒரே இடம் தியேட்டர்தான். அதையும் ஒச்சம்மாளே நிறுத்தினார். "எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் நான் சிரிக்கிறேன். பக்கத்துல இருக்கவுக திரும்பிப் பாக்குறாக."

அதற்குப் பிறகு டிவி ஓடும்போதும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார். உடையப்பனும் படம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலங்களில் அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

இது மாறியது ஒரு காதுகுத்து விழாவில். சொந்தக்காரர் வீட்டு விசேஷம். ரேடியோ செட்டுக்காரர் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி வைத்து அலற விட்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக, ஒச்சம்மாள் மட்டும் முன்னால் போனார். பெட்டியில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மயக்கம்தான் வந்துவிட்டது என்று நினைத்து உடையப்பன் சோடாவை வாங்கிக்கொண்டு ஓடினார். "போய்யா அங்கிட்டு. நெஞ்சுக்குள்ள கேக்குதுய்யா" என்றாராம் ஒச்சம்மாள்.

சோடாவைக் குடித்தது உடையப்பன்தான். அடுத்த வாரம் ஹோம் தியேட்டர் வீட்டுக்கு வந்தது. சின்னச் சின்னப் பெட்டிகள் சிலதும், தரையில் வைக்கிற ஊஃபர் ஒன்றும். அதை டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்தார்கள். உடையப்பன் சோபாவில் உட்கார்ந்தால் மேளம் அடிவயிற்றில் விழுந்தது. ஒச்சம்மாள் தன் நாற்காலியில் உட்கார்ந்தால் லேசான அதிர்வைத் தவிர ஒன்றுமே இல்லை.

"நாற்காலிய மாத்திப் போடலாமேண்ணே" என்றேன் நான். உடையப்பன் என் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு நேராகத் தெரிந்தது. ஒச்சம்மாளுக்குக் குக்கர் விசில் கேட்காது. ஆவியைக் கண்ணால் பார்த்துத்தான் அடுப்பை அணைப்பார். பால் பொங்குவதும் அப்படித்தான். ஒருமுறை குக்கர் தீய்ந்து வீடெல்லாம் புகை மண்டியதிலிருந்து அந்த இடத்தை விட்டு அவர் நகர்வதில்லை.

ஒயர் வாங்கிய கடைக்காரர் விக்னேஷ்குமாரிடம் உடையப்பன் போய் நின்றார். ஒரு பெட்டியிலிருந்து கிளம்பும் சத்தம் சுவரில் மோதித் திரும்பும்போது சில இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து தடிக்கும், சில இடத்தில் ஒன்றை ஒன்று அழித்துவிடும் என்று அவர் விளக்கினார். "அக்கா ஒக்காருற எடம் செத்த எடம்ணே. இன்னொரு ஊஃபர் போட்டாத்தான் உசுரு வரும்."

இரண்டாவது ஊஃபர் வந்தது. ஒரே துளையிலிருந்து இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற ஒயரும் வந்தது. உடையப்பன் அதையும் அதே மூலையில் முதல் பெட்டியின் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு முழுச் சத்தமாக முடுக்கினார். செத்த இடம் அப்படியே கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குர்ஷித் பேகம் வீட்டு அலமாரியிலிருந்த பீங்கான் கிண்ணம் கீழே விழுந்து உடைந்தது.

குர்ஷித் பேகம் சாதாரணமாகச் சத்தம் போடும் ஆள் இல்லை. அன்று வாசலில் நின்று போட்டார். "என்னண்ணே இது! செவுரு விழுந்துருமோன்னு இருக்கு. எங்க மாமியா படுத்த படுக்கையா கெடக்குறாங்க, கட்டிலே ஆடுது!" உடையப்பன் கை கூப்பினார். "தப்புத்தான் தங்கச்சி. இனிமே ஆடாது. ஆடுனா நானே பொட்டிய தூக்கி வெளிய வச்சுர்றேன்." ஒச்சம்மாளுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் குர்ஷித் பேகத்தின் முகமும் கணவரின் கையும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா. திருப்பிக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தவழல். வழி சொன்னது விக்னேஷ்குமார். ஊஃபரை அக்கா உட்காரும் நாற்காலியில் வைத்துப் பாட்டைப் போடுங்கள், தரையில் காதை வைத்துத் தவழுங்கள், எங்கே சத்தம் தடித்துக் கேட்கிறதோ அங்கே ஊஃபரை வையுங்கள், பிறகு நாற்காலியிலும் அதே சத்தம் கேட்கும் என்றார். உடையப்பனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் தவழ்ந்தார். ஒரு ஞாயிறு முழுக்க இடம் தேடினார். மறு ஞாயிறு சோபாவை நகர்த்திவிட்டு மறுபடி தேடினார். நான் போய் நின்ற அன்றைக்கு, எதிர்ச்சுவர் ஜன்னலுக்குக் கீழே தலையைச் சாய்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "தம்பி! இங்க கேளுங்க!"

நானும் குனிந்து கேட்டேன். அந்த இடத்தில் மேளம் தரைக்குள்ளிருந்து வந்தது.

இருவருமாக நாற்காலியிலிருந்த புதுப் பெட்டியைத் தூக்கி ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். உடையப்பன் பழைய ஊஃபரைப் பேகம் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி நகர்த்தி அதன் சத்தத்தையும் பாதியாகக் குறைத்தார். அடுப்படியிலிருந்த ஒச்சம்மாளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஒச்சம்மாள் வேண்டா வெறுப்பாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "முன்னாடி லேசா ஏதோ இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

உடையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டு வண்டி பள்ளத்தில் இறங்கியதைப் பற்றிக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர், அன்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒச்சம்மாள் குனிந்து அவர் கன்னத்தைத் தொட்டு, "விடுய்யா" என்றார்.

அவர் விடவில்லை. போனை எடுத்தார். விக்னேஷ்குமார் சொன்னதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டார். இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் முன்னே தள்ள வேண்டும், ஒன்று தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் சத்தம் இல்லாமல் போய்விடும், பின்பக்கம் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கும். உடையப்பன் குப்புறப் படுத்து ஜன்னலோரப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி அந்த சுவிட்சைத் தள்ளினார்.

குக்கரையே பார்த்துக்கொண்டிருந்த ஒச்சம்மாள் சட்டென்று திரும்பினார். யாரோ பின்னாலிருந்து தொட்ட மாதிரித் திரும்பினார். நாற்காலிக் கையைப் பிடித்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்தார். "ஏத்தா, வருதா?" என்று உடையப்பன் வாயை அகலத் திறந்து கேட்டார். ஒச்சம்மாள் அவர் பக்கம் பார்த்ததாகத் தெரியவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நான் மறுபடி கீழே வந்திருந்தபோது குர்ஷித் பேகம் வாசலில் வந்து நின்றார். உடையப்பன் பதறி எழுந்தார். "இல்லண்ணே, இன்னைக்குப் படம் போடலையான்னு கேக்க வந்தேன். சத்தத்தையே காணோம்" என்றார் அவர். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. பேகம் ஒச்சம்மாளின் முகத்தைப் பார்த்தார், பிறகு மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரையில் ஒரு திருவிழாக் காட்சி வந்தது. "மேளந்தானய்யா இது?" என்று கேட்டார் ஒச்சம்மாள், வழக்கம்போல உரத்த குரலில். உடையப்பன் தலையாட்டினார். "உறுமியும் இருக்கு" என்றார் ஒச்சம்மாள், தானாகவே. நான் கிளம்பத் திரும்பினேன். உடையப்பன் சோபாவை விட்டு எழுந்து போய் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பாதம் இரண்டையும் நன்றாக ஊன்றிக்கொண்டார். பிறகு இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் தன் காதுகளை இறுக்கி அடைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.