இருபத்தொன்பதாம் தேதிக்கு ஒரு வரி

டைரி அச்சிடும் அந்த அச்சகத்தில் அவருக்குப் பெயரே 'மேற்கோள்'தான். வேலை என்னவோ பிழை திருத்துவது. ஆனால் டைரியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் போட, பழைய இலக்கியங்களிலிருந்து ஒரு வரி பொறுக்கித் தருவதும் இருபத்தாறு வருடமாக அவர் பொறுப்பு. ஒரு மார்ச் மாதப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகவும், அதைப் படித்துவிட்டுத்தான் தினமும் வேலைக்குக் கிளம்புவதாகவும் ஒரு நர்ஸ் கடிதம் போட்டிருந்தாள். என்றோ செத்துப்போனவர் எழுதிய வரி இன்றைக்கும் ஒருத்தியை வாசல்வரை தள்ளிவிடுகிறதே என்று மனிதருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

வம்பே அங்கேதான். வீட்டிலும் மேற்கோளாகவே பேசினார். காபி ஆறினால் ஒரு வரி, கரண்ட் போனால் ஒரு வரி. மனைவியும் சிரித்துவைப்பாள். அவள் தம்பி செத்த அன்றைக்கும் தோளைத் தொட்டு, நிலையாமை பற்றி அருமையாக நான்கு வரி சொன்னார்.

"என் தம்பிக்குமா புத்தகத்துலேர்ந்து? உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதா?"

அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு மாதமாகத் தட்டு வந்தது, தண்ணீர் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. பாவம், அவருக்கும் உள்ளூர அழுகைதான். அதற்குத் தோதான வரி எதிலும் அகப்படவில்லை.

அப்போதுதான் ஒருநாள் அச்சகத்தில் மெஷின்காரர் ஓடிவந்தார். "மேற்கோள் சார், பிப்ரவரி இருபத்தொம்பது மொட்டையா நிக்குது! லீப் வருஷத்தை மறந்துட்டீங்களா?"

பழக்கதோஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்தோடு நிறுத்தியிருந்தார். புத்தகங்களெல்லாம் வீட்டில். மெஷின் காத்து நின்றது. எத்தனையோ வரி மனப்பாடம், அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வாயில் வரவில்லை. நினைவுக்கு வந்ததெல்லாம் செத்துப்போன மைத்துனன் ஞாயிறுதோறும் வந்து வாசலில் தாறுமாறாக உதறிப்போடும் செருப்புதான். எழுதிக் கொடுத்தார். அடியில் வழக்கம்போல் 'பழம்பாடல்' என்று போட்டுவிட்டார்.

வருடாவருடம் முதல் டைரி அவர் வீட்டுக்குத்தான் போகும்; இந்தத் தடவையும் போனது. மறுநாள் காலை மனைவி அதை அவர் முன் விரித்துப் பிடித்தாள்.

'அவன் செருப்பு கிடந்த இடம் காலியாக இருக்கிறது. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.'

"இது எந்தப் புத்தகம்?"

"எதுலயும் இல்லம்மா," என்றார்.

அவள் பேனாவை எடுத்து 'பழம்பாடல்' என்பதை அடித்தாள். ஓரத்தில், நீக்கச் சொல்லி அவர் போடும் அதே சுழியைப் போட்டாள். இருபத்தாறு வருடம் பார்த்துப் பழகிய சுழி.

"பெரிய பிழை திருத்தறவரு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதைப் போய் விட்டுட்டீங்களே."